வருங்கால நீதியரசரே

எனக்குத் தொழில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கறது. உழவர்கரையில ரோட்ட ஒட்டி ஒரு கடை, ஒரு மிஷினு, ஒரு கம்ப்யூட்டரு. காது குத்தலேருந்து கருமாதி வரைக்கும் எல்லாம் என் கை பட்டுத்தான் போவும். எங்க ஊர்ல ஒருத்தருக்குப் பொறந்த நாள்னா வீட்ல பாயசம் வெக்க மறந்தாலும் மறப்பாங்க, தெரு மொனையில பேனர் வெக்க மறக்க மாட்டாங்க. அதுல வாசகம் எழுதறதுக்குன்னு எனக்கு ஒரு பேரு உண்டு. "எங்கள் தெருவின் எவரெஸ்ட்டே" நான் எழுதினதுதான். கவுன்சிலருக்கு நிக்கக்கூட பயப்படற ஆளுக்கு "நாளைய முதல்வரே"ன்னு எழுதிக் குடுத்துருக்கேன். இதுவரைக்கும் ஒருத்தரும் முதல்வர் ஆவல. எழுதறதுக்கும் நடக்கறதுக்கும் சம்பந்தமே கெடையாதுன்னு நெனச்சிதான் இத்தன வருஷம் நிம்மதியா தூங்கினேன்.

என் தம்பி எங்க ஊரு மேட்டுப்பாளையத்துல ஒரு கம்பெனியில மிஷின் ஓட்டிக்கிட்டிருந்தான். ஒரு நாள் மத்தியானம் கம்பெனி கேட்டுல ஒரு சண்ட. சூப்பர்வைசர் ஒருத்தரு அடி வாங்கி கீழ விழுந்தாரு, ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே போயிட்டாரு. அடிச்சது அஞ்சு பேரு. அந்த அஞ்சு பேரோட தெனமும் ஒண்ணா நின்னு டீ குடிச்சவன் என் தம்பி. சண்ட நடந்தப்ப அவன் உள்ள மிஷின்லதான் இருந்தான். ஆனா எஃப்.ஐ.ஆர்ல ஆறாவது பேரு அவனுது. இங்க கோர்ட்டுல ஆறு பேருக்கும் ஆயுள் தண்டன குடுத்துட்டாங்க. தீர்ப்பு சொன்ன அன்னிக்கு தம்பி பொண்ணு நாலாவது படிச்சிட்டிருந்தா. இப்ப எட்டாவது.

அப்பீல் சென்னையில. நம்ம ஊருக்குத் தனி கவர்மெண்டு உண்டு, தனி ஹைகோர்ட்டு கெடையாது, அவங்களுதுதான் நமக்கும். ஜாமீன் கேட்டோம், கெடைக்கல. வக்கீலு நம்ம ஊர்க்காரரு, கருவடிக்குப்பத்துல அவங்கப்பா கட்டின வீடு இருக்கு. வாரம் பூரா சென்னையில வாதாடிட்டு ஞாயித்துக்கெழம இங்க வந்துடுவாரு. கேஸ் கட்டு நானூத்துச் சொச்சம் பக்கம். அத முழுசா படிச்ச ஒரே மனுஷன் அவருதான். படிச்சி, அதுல ஒரு தாளக் கண்டுபுடிச்சாரு. மணிக்கு எத்தன பீஸ் ஓடிச்சின்னு மிஷின்காரன் எழுதி, சரிபாக்கற செக்கர் பக்கத்துல கையெழுத்தா சுழிச்சி விடற தாளு. போலீசே எடுத்து போலீசே கட்டிவெச்ச தாளு. சண்ட நடந்த அந்த ஒரு மணி நேரத்துக்கும் தம்பி கையெழுத்துல பீஸ் கணக்கு இருக்குது, செக்கர் சுழியும் இருக்குது.

"இந்த ஒரு தாளு போதும்"னாரு. அன்னிக்கு நான் பஸ்சுல நின்னுக்கிட்டே வந்தேன். உக்கார எடம் இருந்துச்சி, உக்காரத் தோணல.

அப்பீல ரெண்டு ஜட்ஜுங்க சேந்து கேக்கணும். வருஷக்கணக்கா காத்திருந்து ஒரு வழியா எங்க கேஸ எடுத்தாங்க. ரெண்டு மத்தியானம் வக்கீல் சார் வாதாடினாரு. நானும் தம்பி பொண்டாட்டியும் பின்னாடி பெஞ்சில உக்காந்து, புரியாத இங்கிலீசுக்கெல்லாம் தலையாட்டினோம். மூணாவது மத்தியானம் அந்தத் தாள காட்டணும். அதுக்குள்ள அந்த ரெண்டு பேர்ல பெரிய ஜட்ஜுக்கு அறுபத்திரெண்டு வயசு முடிஞ்சிருச்சி. அந்த வயசு ஆயிட்டா ஒரு நாளு கூட எக்ஸ்ட்ரா இருக்க முடியாதாம். மால போட்டு அனுப்பிட்டாங்க. நாங்க பேசின ரெண்டு மத்தியானமும் அவரோடயே வீட்டுக்குப் போயிருச்சி. இனிமே வேற ரெண்டு பேரு உக்காந்து மொதல்லேருந்து கேக்கணும். உக்கார ஆளு இல்ல.

ஆளு இல்லன்னா? இவ்ளோ பெரிய சிவப்புக் கட்டடம், அதுல எப்படி ஆளு இல்லாம போவும்? சாரோட குமாஸ்தாகிட்ட கேட்டேன். அவரு சென்னையில முப்பது வருஷமா கட்டு தூக்கறவரு, கோர்ட்டு செங்கல்லுக்கே அவர அடையாளம் தெரியும்.

"காலியா இருக்குதுப்பா. இத்தன ஜட்ஜு இருக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு. அத்தன பேரு என்னிக்குமே இருந்ததில்ல. நெரப்பறதுக்குள்ள நாலு பேரு ரிட்டையர்டு ஆயிடுவாங்க."

"அப்ப விளம்பரம் குடுத்து ஆளு எடுக்க வேண்டிதுதான? பரீட்ச வெச்சி?"

"நீ என்ன கண்டக்டர் வேலைக்கா ஆளு எடுக்கற?" அப்படின்னு சிரிச்சிட்டு, டீக்கட சுவத்துல சாஞ்சிக்கிட்டு சொன்னாரு. "இதுக்கு யாரும் அப்ளிகேசன் போட முடியாது. இங்க தலைம ஜட்ஜும் அவருக்கு அடுத்த ரெண்டு பேரும் ஒக்காந்து யாரப் போடலாம்னு பேரு எழுதுவாங்க. வக்கீலுங்கள்ல கொஞ்சம் பேரு, கீழ்க்கோர்ட்டு ஜட்ஜுங்கள்ல கொஞ்சம் பேரு. ஆளக் கூப்ட்டு சம்மதமான்னு கேப்பாங்க. அப்புறம் அந்தப் பேரு கவர்மெண்டுக்குப் போவும், டெல்லிக்குப் போவும். ஆளு எப்படி, கட்சி கிட்சி உண்டா, கூட்டாளிங்க யாருன்னு கமுக்கமா விசாரிப்பாங்க. அப்புறம் டெல்லியில மூணு பெரிய ஜட்ஜுங்க பாத்து சரின்னுவாங்க, இல்ல இப்ப வேணாம்னுவாங்க. திரும்ப கவர்மெண்டு. கடைசியில ஜனாதிபதி கையெழுத்து."

"எவ்ளோ நாளு ஆவும்?"

"ஃபைலு எங்க குந்துதோ அவ்ளோ நாளு."

பொண்ணு பாக்கறதுல கூட இவ்ளோ வீட்டுக்கு ஜாதகம் போவாது. நான் அப்பத்தான் முடிவு பண்ணேன், இனிமே சாமிகிட்ட தம்பி விடுதலைக்கு வேண்டறதில்ல, ஃபைலுக்கு வேண்டறதுன்னு. என் பொண்டாட்டி மணக்குள விநாயகருக்கு தேங்கா ஒடச்சா. "என்னான்னு வேண்டிக்கிட்ட?"ன்னு கேட்டேன். "ஹைகோர்ட்டுல காலியிடம் நெரம்பணும்னு." அய்யரு ஒரு தடவ திரும்பிப் பாத்தாராம். கல்யாணம், கொழந்தன்னு கேட்டுப் பழகின காது.

நானும் தெனம் காலையில கடையத் தெறந்ததும் மொதல்ல கோர்ட்டு கேஸ் லிஸ்ட்டத்தான் போன்ல பாப்பேன். தம்பி பொண்டாட்டி போன் பண்ணி ஒரே வார்த்ததான் கேப்பா. "வந்துச்சாங்க?" "வரலம்மா." வச்சிருவா. இந்த ரெண்டு வார்த்தய வெச்சே ஒரு வருஷம் ஓட்டினோம்.

அந்த வருஷக் கடைசியில ஒரு ஞாயித்துக்கெழம சார் என்ன கருவடிக்குப்பத்துக்கு வரச் சொன்னாரு. போனேன். வாசக் கதவ அவரே சாத்தினாரு.

"உங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னு சொல்றேன். எங்க வீட்டுக்காரம்மாவத் தவிர இங்க யாருக்கும் தெரியாது. காலியிடத்துக்குப் பேரு அனுப்பிருக்காங்க. அதுல என் பேரும் இருக்கு. சம்மதம் குடுத்துட்டேன்."

நான் ரொம்ப சந்தோசம் சார்னு சொன்னேன். வாய் தானா சொல்லிருச்சி, வருஷம் பூரா வாழ்த்தியே பழகின வாயி. அப்புறந்தான் மண்டைக்கு ஏறிச்சி.

"அப்ப நம்ம கேசு?"

"ஆர்டர் வந்துட்டா என்கிட்ட இருக்கற எல்லா கேஸ் கட்டையும் திருப்பிக் குடுத்துடணும். அதுக்கப்புறம் உங்க கேஸப் பத்தி நான் வாயத் தெறக்கக் கூடாது. பெஞ்சுல உக்காந்தாலும் நான் வாதாடின கேச நானே கேக்க முடியாது. இப்பவே வேற வக்கீலப் பாத்து வெச்சுக்கங்க. நானும் சொல்லி விடறேன்." சாத்தின கதவ ஒரு தடவ பாத்துட்டு, "வெளிய யார்கிட்டயும் பேச வேணாம். இந்த மாதிரி நேரத்துல ஒரு சின்ன விஷயம் கூட பேரத் திருப்பி விட்டுரும்"னாரு.

வண்டிய எடுத்துக்கிட்டு வந்தேன். நடுவுல எங்க நிறுத்தினேன், எந்த வழியா வந்தேன்னு தெரியல. நாங்க ஒரு வருஷமா தேங்கா ஒடச்சி கேட்டோம், காலியிடம் நெரம்பணும்னு. சாமி கேட்டுக்கிச்சி. எங்காளையே தூக்கிட்டுப் போயி அதுல வெக்கப் போவுது. புது வக்கீலு நானூறு பக்கம் எப்ப படிப்பாரு? படிச்சாலும் அந்தத் தாளு அவரு கண்ணுக்குப் படுமா? தெரிஞ்ச ரெண்டு பேரப் போயி பாத்தேன். ஒருத்தரு கட்டோட கனத்த கையில தூக்கிப் பாத்துட்டு, "லீவுல பாக்கறேன்"னாரு. எந்த லீவுன்னு சொல்லல. இன்னொருத்தரு, "ஏங்க, அவரே வெச்சிருந்தா நல்லாதான இருக்கும்?"னாரு. அத எனக்கு வேற சொல்லணுமா?

பத்து நாளு கழிச்சி சாரோட மச்சான் கடைக்கு வந்தாரு. அவரு தங்கச்சியதான் சாரு கட்டியிருக்காரு. கருவடிக்குப்பத்துல ஒரு கட்சியில வட்டமோ கிட்டமோ ஒரு பதவி. வெள்ளச் சட்டப் பாக்கெட்டுல தலைவர் படம் தெரியற மாதிரி வெக்கறவரு. மனசுல ஒண்ணும் கெடையாது.

"அண்ணா, மாமாவுக்கு வெள்ளிக்கெழம பொறந்த நாளு. வீட்டு மொனையில ஒண்ணு வெச்சிடலாம். இருபதுக்குப் பத்து."

"அவருக்குப் புடிக்காதே."

"அவருக்கு இட்லி கூடத்தான் புடிக்காது. தெருவுல நமக்கு ஒரு மரியாத வேணாமா? மேல எங்க தலைவரு, நடுவுல மாமா, கீழ நானு. வாசகம் உன் இஷ்டம்."

அவருக்கு லிஸ்ட்டு விஷயம் எதுவும் தெரியாது. எனக்குத் தெரியும். கம்ப்யூட்டர்ல சார் படத்த வெச்சேன். தலைவர் படத்த வெச்சேன். கட்சி கிட்சி உண்டான்னு விசாரிப்பாங்கன்னு குமாஸ்தா சொன்னது காதுலயே நிக்குது. இதுவே போதும்னு இருந்திருக்கலாம். மச்சான் செஞ்ச கூத்துன்னு போயிருக்கும்.

கை நிக்கல. தம்பி பொண்ணு ஞாபகம் வந்துச்சின்னு சொன்னா அது பாதி நெசம். மீதி என்னான்னு எனக்கே தெரியாது. "வருங்கால நீதியரசரே, வாழ்க பல்லாண்டு"ன்னு அடிச்சேன். மஞ்ச எழுத்து, செவப்பு பார்டரு.

மச்சான் எட்டிப் பாத்தாரு. "நீதியரசரா? மாமா வக்கீலு தான?"

"வருங்காலம்னு போட்டுருக்கேன் இல்ல. வக்கீலுக்கு அடுத்து அதான?"

"அப்ப சரி. எனக்கு 'வருங்கால எம்.எல்.ஏ'ன்னு கீழ சின்னதா போட்டுரு."

போட்டேன். ரெண்டு பேருக்கும் வருங்காலம் குடுத்தேன். மிஷின் ஓடிச்சி. சாரோட நெத்தி மொதல்ல வந்துச்சி, அப்புறம் கண்ணு. அந்தக் கண்ணு வரும்போது நான் எழுந்து வெளிய போயி நின்னுட்டேன். மிஷினுக்கு ஒண்ணும் தெரியாது, அது பாட்டுக்கு அடிச்சிது.

வெள்ளிக்கெழம காலையில பத்து மணிக்கு கடையப் பாதி வேலையில சாத்தினேன். போயி அவுத்துடலாம்னு கத்தியும் எடுத்துக்கிட்டு வண்டியில கெளம்பினேன். போனா, பேனருக்குக் கீழ மச்சான் லட்டு குடுத்துக்கிட்டிருக்கறாரு.

"வாண்ணா வாண்ணா. போட்டோ எடுத்து எல்லா குரூப்லயும் போட்டாச்சு. தலைவர் ஆபீசுலேருந்தே கைகூப்பற பொம்ம அனுப்பிருக்காங்க. என்னா கத்தி?"

"கயிறு தொங்கினா வெட்டலாம்னு."

"தொங்கல. லட்டு எடு."

எடுத்தேன். தின்னேன். நல்லாவும் இருந்துச்சி. இந்த மாதிரி நேரத்துல வாய் கசக்கும்னு சொல்லுவாங்க, எனக்கு அந்த யோக்கியத கூட இல்ல. மத்தியானம் சார் சென்னையிலேருந்து போன்ல மச்சானத் திட்டி பேனர எறக்க வெச்சிட்டாரு. ஆனா போன்ல போனத எறக்க ஏணி கெடையாது.

மூணு மாசம் கழிச்சி டெல்லியிலேருந்து லிஸ்ட்டு வந்துச்சி. குமாஸ்தா போன் பண்ணாரு. சாரோட சேந்து போன பேருங்கள்ல மத்த எல்லாரும் வந்துட்டாங்க. சார் பேரு மட்டும் இல்ல. "இப்ப வேணாம்னு வெச்சிட்டாங்களாம்"னாரு.

"ஏனாம்?"

"அத யாருக்குப்பா சொல்லுவாங்க?"

அதுதான் எனக்கு வாச்ச தண்டன. பேனராலதான்னு யாராவது சொல்லியிருந்தா அழுது முடிச்சிருப்பேன். பேனரால இல்லன்னு சொல்லியிருந்தா தூங்கியிருப்பேன். யாரும் ஒண்ணும் சொல்லல. புதுசா வந்த ஜட்ஜுங்க பதவி ஏத்துக்கிட்டாங்க. காலியா கெடந்த பெஞ்சுல ஒருத்தரு வந்து உக்காந்தாரு. ரெண்டே மாசத்துல எங்க அப்பீல் கேஸ் லிஸ்ட்ல வந்துருச்சி. தம்பி பொண்டாட்டி "வந்துச்சாங்க?"ன்னு வழக்கம் போல கேட்டா. "வந்துருச்சிம்மா"ன்னேன். அன்னிக்கு அவ போன வெக்கவே மறந்துட்டா. நான் கேட்டது ரெண்டும் எனக்குக் கெடச்சிருச்சி, ஜட்ஜும் வந்துட்டாரு, வக்கீலும் இருக்கறாரு. மூஞ்ச மட்டும் எங்க வெச்சிக்கறதுன்னு தெரியல.

வாதம் ஆரம்பிக்கற அன்னிக்கு வராண்டாவுல சாரப் பாத்தேன். கறுப்பு கோட்டு, கையில எங்க கட்டு. ஆளு கொஞ்சம் எளச்சிருந்தாரு. சொல்லிடணும்னுதான் கிட்டப் போனேன்.

"சார், அந்தப் பேனரு..."

"தெரியும்."

"மச்சான் சொன்னாரா?"

"என் மச்சானுக்கு நீதியரசர்னு தப்பில்லாம எழுத வராது. அப்படி ஒரு சொல்லு இருக்கறதே அவருக்குத் தெரியாது." என் மூஞ்சியப் பாக்காம கட்டுல ஒரு பக்கத்துக்கு அடையாளம் வெச்சிக்கிட்டிருந்தாரு. "ஊர்ல ரெண்டு பேருக்குதான் விஷயம் தெரியும். எங்க வீட்டுக்காரம்மா பேனர் அடிக்கறதில்ல."

நான் கைய கட்டிக்கிட்டு நின்னேன்.

"கேஸ விட்டுட மாட்டீங்களே சார்?" இதுதான் வந்துச்சி. மன்னிச்சிருங்கன்னு கூட வரல.

அப்பத்தான் என்னப் பாத்தாரு. "வக்காலத்துல கையெழுத்துப் போட்டது உங்க தம்பி. நீங்க இல்ல"ன்னாரு. உள்ள போயிட்டாரு.

மூணு மத்தியானம் வாதாடினாரு. மூணாவது நாளு அந்தத் தாள எடுத்து பக்க நம்பர் சொன்னாரு. ரெண்டு ஜட்ஜுங்களும் அவங்க கட்டுல அந்தப் பக்கத்தத் தேடினாங்க. புதுசா வந்தவரு கண்ணாடியக் கழட்டிட்டு தாள கண்ணுகிட்ட வெச்சிப் பாத்தாரு. அந்த நாற்காலியில இன்னிக்கு எதிர்க்க நிக்கறவரு உக்காந்திருக்கலாம். அந்த நெனப்போடதான் நான் அத பாத்தேன். சார் குரல் ஒரு எடத்துல கூட எறங்கல. கடைசியில தீர்ப்ப ஒத்தி வெச்சிருக்கோம்னு சொல்லிட்டு எழுந்து போனாங்க.

அதுலேருந்து அஞ்சு மாசம் ஆவுது. தீர்ப்பு வரல. அந்த ரெண்டு ஜட்ஜுங்கள்ல பெரியவருக்கு இன்னும் கொஞ்ச மாசத்துல அறுபத்திரெண்டு முடியுதாம். அதுக்குள்ள சொல்லலன்னா திரும்ப மொதல்லேருந்துதான்னு குமாஸ்தா சொல்றாரு. சொல்லும்போது டீய ஊதிக்கிட்டே சொல்றாரு, அவருக்குப் பழக்கம்.

போன வாரம் காலாப்பட்டு ஜெயிலுக்கு மனு போட்டு தம்பியப் பாத்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னான். முன்னாடி முடி நரச்சிருச்சி, என்னவிட எட்டு வயசு சின்னவன்.

"ணா, உள்ள பேசிக்கறாங்க. நம்ம சாருக்கு ஜட்ஜு பதவியே வந்துச்சாமே?"

"யாரு சொன்னா?"

"போட்டோ வந்துச்சாம், பேனரோட. இங்க ஒரு வார்டரு காட்டினாரு. நமக்காகத்தான அத வேணாம்னுட்டாரு? கேச முடிச்சிட்டுதான் போவேன்னு?"

சுத்தி எல்லாரும் அவங்கவங்க வீட்டு ஆளுங்ககிட்ட கத்திக்கிட்டிருந்தாங்க. இந்தச் சத்தத்துல நான் நெசத்தச் சொன்னா அவனுக்குப் பாதிதான் கேக்கும். எந்தப் பாதின்னு தெரியல.

"ஆமாண்டா"ன்னேன்.

அவன் கம்பியப் புடிச்சிக்கிட்டு அழுதான். கோர்ட்டுல ஆயுள்னு சொன்னப்ப கூட அழல அவன். "வெளிய வந்தா மொதல்ல அவரு வீட்டுக்குதாண்ணா போவேன். நீ கூட்டிட்டுப் போ. பொண்ணையும் கூட்டிட்டுப் போலாம்."

"போலாம்டா."

"நீ இப்பவே போயி சொல்லு அவர்கிட்ட. நான் இப்படிச் சொன்னேன்னு சொல்லு. சொல்லுவியா?"

நேரம் முடிஞ்சிருச்சின்னு வார்டரு எல்லாரையும் நகத்தினாரு. தம்பி போவும்போது திரும்பித் திரும்பி வாயசைச்சிக்கிட்டே போனான். சொல்லு, சொல்லுன்னு. நான் தலையாட்டிக்கிட்டே நின்னேன்.